ஷெட்டில் நிற்கும் காருக்கு ஸ்பார்க் பிளக்கும் பிளக் வயரும்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிய வீட்டோடு ஒரு காரும் பூட்டிக் கிடப்பது சாதாரணம். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) சாந்திக்கோ (அறுபது, எண்பது வயது நிறைவு விழா) ஊருக்கு வரும்போதுதான் சாவி திரும்பும். பத்து வருஷம் ஆகியும் 20,000 கி.மீ. தாண்டியிருக்காது. “ஓடாத வண்டிக்கு எதற்கு பிளக், வயர் எல்லாம்?” என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் கெடுவதில்லை. சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், ஓடிய தூரத்தால் தேயும். அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர், வருஷத்தால் கெடும். வெயிலில் காய்ந்த ரப்பருக்கு மீட்டரில் எத்தனை கி.மீ. என்று தெரியாது. அதனால் நம் பக்கத்து வண்டிகளில் பிளக் புதிது போல இருக்க, வயர் வெடித்துக் கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை உறுதிசெய்யுங்கள்: வண்டி பெட்ரோலா டீசலா? இந்த வட்டாரத்து அம்பாசடர்களில் டீசல் நிறைய உண்டு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது ஹீட்டர் பிளக், அது வேறு சாமான். இங்கே சொல்வது முழுக்க பெட்ரோல் வண்டிக்கு. கேஸ் கிட் மாட்டிய வண்டிக்கும் பொருந்தும்.

பெட்ரோலிலும் மூன்று வகை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 இவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் டப்பா, இருக்கும். அதன் மூடியிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வயர், நடுவில் காயிலிலிருந்து (பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக மாற்றுவது) வரும் ஒரு வயர். நான்கு சிலிண்டர் என்றால் மொத்தம் ஐந்து வயர், மூன்று சிலிண்டர் மாருதி 800க்கு நான்கு. அடுத்த தலைமுறை வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. காயில் பேக்கிலிருந்து வயர் நேராக பிளக்குக்குப் போகும். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும், வயரே இருக்காது. உங்கள் வண்டி மூன்றாம் வகை என்றால் வயர் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் காயிலின் அடியில் உள்ள ரப்பர் குழாயை மட்டும் பாருங்கள், வயர் கெடுவது போலவே அதுவும் கெடும்.

பிளக்கின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

கடையில் “மாருதிக்கு பிளக் கொடுங்க” என்று கேட்டால் ஏதாவது ஒன்று கிடைக்கும். அது உங்கள் இன்ஜினுக்கானதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கையேட்டில் உள்ள பிளக் எண்ணை எழுதிக்கொண்டு போவதே சரி. கையேடு இல்லையென்றால் பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் இருக்கும் எண் உதவும். ஆனால் முன்னால் மாட்டியவர் தப்பாக மாட்டியிருந்தால் அந்தத் தப்பையே நீங்களும் வாங்கி வருவீர்கள். ஆகவே எண்ணின் அர்த்தம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

என்.ஜி.கே. பிளக்கில் ‘பி-பி-ஆர்-6-இ-எஸ்-11’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ‘பி’ மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8 மி.மீ. என்பதைச் சொல்கிறது. இரண்டாவது ‘பி’ என்றால் பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருக்கும். ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. ‘6’ சூட்டு எண். ‘இ’ என்பது மரையின் நீளம் 19 மி.மீ. கடைசி ‘11’, பொறி தாண்டும் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி 1.1 மி.மீ. என்பதற்கு. தொடக்கத்தில் ‘பி-கே-ஆர்’ என்று இருந்தால் மரை அதே 14 மி.மீ.தான், ஆனால் அறுகோணம் 16 மி.மீ. ஆகிவிடும், ஸ்பேனர் மாறும்.

சூட்டு எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் ஆளுக்கொரு திசையில் எண்ணுகிறார்கள். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் ‘கோல்டு’. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ‘ஹாட்’. என்.ஜி.கே. 6க்கு ஏறத்தாழ ஈடு டென்சோவில் 20, பாஷில் 7. என்.ஜி.கே. 5க்கு டென்சோவில் 16, பாஷில் 8. “ஒரு நம்பர் கூட இருந்தால் என்ன” என்று கம்பெனி மாற்றி வாங்கினால் திசையே தலைகீழாகிவிடும். (பழைய மெக்கானிக் “மைக்கோ பிளக்” என்று சொன்னால் குழம்ப வேண்டாம். 1951இல் தொடங்கிய மைக்கோ 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது, அவ்வளவுதான்.)

ஹாட், கோல்டு என்பது பொறியின் சூடு அல்ல. எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் மூக்கு தன் சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜின் ஹெட்டுக்கு இறக்கிவிடுகிறது என்பதே கணக்கு. மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது ஹாட். மூக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மேலே படியும் கரி தானே எரிந்து சுத்தமாகும். 800 டிகிரியைத் தாண்டினால் பொறி வரும் முன்பே நுனியின் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டன் ஓட்டையாகும் அளவுக்குக் கொண்டுபோகும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் நுனி அந்த 450ஐ எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடும், அதனால் கரி படிவது சகஜம். அதற்காக ஒரு படி ஹாட் பிளக் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதே வண்டி சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு மதுரைக்கு நாற்கரச் சாலையில் போகும் நாளும் வரும். கம்பெனி சொன்ன எண்ணையே போட்டு, மாதம் ஒருமுறை 20 கி.மீ. நிற்காமல் ஓட்டுங்கள், கரி தானே போய்விடும்.

மரையின் நீளம் தவறினால் விளைவு இன்னும் மோசம். 12.7 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 19 மி.மீ. பிளக் போட்டால் பிஸ்டனோ வால்வோ அதில் இடிக்கும். நேர்மாறாகக் குட்டைப் பிளக்கைப் போட்டால், மூடாமல் விட்ட மரையில் கரி இறுகி, அடுத்த முறை சரியான நீளப் பிளக் உள்ளே ஏறாது. பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்க்க அரை நிமிஷம் போதும். அடியில் வாஷரோடு உட்காரும் தட்டை வகையா, வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காரும் வகையா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நிக்கலா, இரிடியமா?

சாதாரண நிக்கல் முனைப் பிளக் 15,000 முதல் 30,000 கி.மீ. வரை தாங்கும். காருக்கான நீண்ட ஆயுள் இரிடியம் பிளக் 1 லட்சம் கி.மீ. வரை போகும், விலையும் பல மடங்கு. வருஷத்துக்கு 2,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு இரிடியம் போடுவது வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் பதிப்பது போல. கையேட்டிலேயே இரிடியம் என்று இருந்தால் மட்டும் அதையே போடுங்கள், நிக்கலுக்கு இறங்க வேண்டாம். முக்கியமாக, ஒரே காயில் இரண்டு பிளக்குக்குச் சேர்த்துப் பொறி கொடுக்கும் காயில் பேக் வண்டிகளில் பாதிப் பிளக்குகளில் மின்சாரம் எதிர்த்திசையில் பாயும். அவற்றில் நடு முனைக்குப் பதிலாக வளைந்த முனை தேயும். அங்கே இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக்கே நிற்கும்.

கம்பெனி ரெசிஸ்டர் (மின்தடை) வைத்த பிளக்கைச் சொல்லியிருந்தால் அதுதான். இல்லாததைப் போட்டால் ரேடியோவில் கரகரப்பு மட்டுமல்ல, இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டரும் தடுமாறும்.

போலியைக் கண்டுபிடிக்க நான்கு பிளக்கையும் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வையுங்கள். நடு முனை நட்ட நடுவில் இருக்கிறதா? நான்கிலும் இடைவெளி ஒன்று போல இருக்கிறதா? பீங்கானில் அச்சு நகத்தால் சுரண்டினால் போகிறதா? வாஷர் கழன்று விழாமல் மரையில் பிடித்து நிற்கிறதா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் நான்கையும் திருப்பிக் கொடுங்கள். பீங்கானில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் அந்தப் பிளக் ஆகாது. கீழே விழுந்த பிளக்கும் அப்படியே, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் போடாதீர்கள்.

வயர்

கடையில் பிளக் வயர் என்றாலும் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) கேபிள் என்றாலும் ஒன்றுதான். இதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். அந்த மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட வயரின் விரிசல் வழியாக இன்ஜின் உடம்புக்குக் குதிப்பது சுலபம் என்றால் அங்கேதான் குதிக்கும். இதிலிருந்து இன்னொன்றும் புரியும்: பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அந்தப் பாரம் வயரின் தலையிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் தலையிலும் விழும். பிளக்கைக் காலத்தில் மாற்றாததால் கெட்ட வயர்கள் ஏராளம்.

வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று வழி. முதலாவது கண்ணும் கையும். இன்ஜினை அணைத்துவிட்டு, வயரைப் பெரிய வளையமாக வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் நுண்விரிசல், விறைப்பு, பிளக் முனை ரப்பரில் வெள்ளைச் சாம்பல் கோடு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். எலி கடித்த தடத்தையும் தேடுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஷெட்டில் பானெட்டுக்கு அடியை விட எலிக்கு வசதியான இடம் கிடையாது. கடித்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீண். அது வீட்டு மின்சாரத்துக்கான டேப், இந்த வோல்ட்டுக்கு முன் காகிதம் மாதிரி.

இரண்டாவது இருட்டு. ராத்திரி விளக்கை அணைத்து, வண்டியை ஐடிலில் விட்டு, செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்பிரேயால் வயர்கள் மேல் நீரைப் பனிபோலத் தூவுங்கள். நீலப் பொறி ஓடுவதும் ‘டிக் டிக்’ சத்தமும் எங்கே கசிகிறது என்று காட்டிவிடும். காற்று நன்றாகப் போகும் இடத்தில், பெட்ரோல் வாடை இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். கையை வயரிலிருந்து தள்ளியே வைத்திருங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர் பக்கத்தில் நிற்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் மதியம் வெயில் ஏறியதும் சரியாகிவிடும் வண்டிக்கு இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

மூன்றாவது மல்டிமீட்டர். வயரைக் கழற்றி, 200 கிலோ ஓம் அளவில் வைத்து, இரு முனையிலும் உள்ள உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். சாதாரணக் கார்பன் வயர் மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். அரை மீட்டர் வயர் 8 காட்டினால் நல்லது, 18 காட்டினால் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. கம்பி சுற்றிய வகை இதைவிட மிகக் குறைவாகக் காட்டும். அளக்கும்போதே வயரை மெதுவாக அசையுங்கள். எண் துள்ளினால் உள்ளே முறிவு. எப்போதும் நீளத்தோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும், நீள வயர் அதிகம் காட்டுவது இயல்பு.

வாங்கும்போது வண்டி மாடல், வருஷம் சொல்லி செட்டாக வாங்குங்கள். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றவையும் அதே வயதுதான். மேல்தோல் சிலிக்கானாக இருந்தால் நம் வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் சாதாரண ரப்பரைவிட அதிக நாள் தாங்கும், கூடுதல் காசு அங்கே வீண் இல்லை. தடிமன் 7 மி.மீ. இருந்தால் 7 மி.மீ.தான். சிவப்பு, மஞ்சள் நிறத்தில் தடித்த வயர் போட்டால் பிக்கப் கூடும் என்பது கட்டுக்கதை. பழைய கிளிப்பில் அடங்காமல் அது சைலன்சர் மானிஃபோல்டு மேல் சாய்ந்து உருகும். வெறும் செம்புக் கம்பி வயரை “ஸ்பார்க் பலமாக வரும்” என்று விற்பார்கள். பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய வண்டிக்கு, பிளக் முனை மூடியில் ரெசிஸ்டர் இருந்தால், அது ஓடும். கம்ப்யூட்டர் வைத்த வண்டிக்கு ஆகாது.

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் வயரை மட்டும் மாற்றி மூடியையும், அதற்குள் சுற்றும் ரோட்டரையும் விட்டுவிடாதீர்கள். மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போலக் கருப்புக் கோடு ஓடியிருந்தால் மின்சாரம் அந்த வழியே கசிகிறது, துடைத்தால் போகாது. நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருந்தாலும் மூடியை மாற்ற வேண்டும்.

மாட்டுவது

வேண்டியவை: சரியான அளவு பிளக் ஸ்பேனர் (உள்ளே ரப்பரோ காந்தமோ இருந்தால் உத்தமம்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சைக்கிள் பம்ப், கால் முழ நீளத்தில் ரப்பர் குழாய், கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், பழைய துணி.

1. இன்ஜின் முழுக்க ஆறட்டும். அலுமினியம் ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

2. ஒரு வயரை மட்டும் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் முனை ரப்பரைப் பிடித்து அரைச் சுற்று முறுக்கி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தெரியாமல் கழற்றிவிட்டீர்களா? நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் வரிசை 1-3-4-2, அம்பாசடரும் பத்மினியும் அப்படியே. மாருதி 800க்கு 1-3-2. முதல் சிலிண்டரின் இடத்தைக் கண்டுபிடித்து, ரோட்டர் சுற்றும் திசையில் எண்ணுங்கள்.

3. பிளக்கைத் திருகும் முன் குழிக்குள் சைக்கிள் பம்ப்பால் நாலு தடவை காற்றடியுங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி அந்தக் குழியில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். பிளக்கை எடுத்ததும் அது நேராக சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். தூசி கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

4. பிளக் இறுகியிருந்தால் தம் கட்டி இழுக்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக வாருங்கள்.

5. எடுத்த பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி வைத்து முனையைப் படியுங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்ல இன்ஜின். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, சோக் சிக்கியிருக்கிறது அல்லது குட்டைப் பயணம். பிசுபிசுப்பான எண்ணெய் என்றால் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது, அதைப் பிளக் சரிசெய்யாது. வெள்ளை வெளேர் என்று கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு: காற்று அதிகம், டைமிங் முன்னால், அல்லது தப்பான சூட்டு எண். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டருக்குப் பொறியே போகவில்லை.

6. ஆறு மாதத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் மட்டும், எந்த வயர் எங்கே என்று குறித்துக்கொண்டு பிளக் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடலாம். பிறகு பொறி வராமல் இக்னிஷனைத் துண்டித்து, இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, குழிகள் மேல் துணி போட்டு, சில விநாடி செல்ஃப் அடியுங்கள். மிச்ச ஆயில் துணியில் தெறித்துவிடும்.

7. புதுப் பிளக்கின் இடைவெளியை அளங்கள். மெக்கானிக்குகள் இதை கேப் என்பார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கேப் என்பார்கள், போனில் பேசும்போது ஜாக்கிரதை. பாயின்ட் வண்டிகளுக்குப் பொதுவாக 0.6 முதல் 0.8 மி.மீ., பிந்தைய வண்டிகள் பலவற்றுக்கு 1.0 முதல் 1.1. உங்கள் கையேட்டு எண்தான் கடைசி வார்த்தை. திருத்த வேண்டுமானால் வளைந்த முனையை மட்டும் அசையுங்கள், நடு முனையை நெம்பினால் பீங்கான் உடையும். இரிடியம் பிளக்கில் நடு முனை ஊசி போல மெல்லியது. அதில் கேஜை அழுத்தித் தேய்க்காதீர்கள், பெட்டியில் வந்தபடியே போடுவது உத்தமம்.

8. பிளக்கின் தலையில் ரப்பர் குழாயைச் சொருகி, விரலால் திருகி உள்ளே இறக்குங்கள். மரை குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது. முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி, ‘டப்’ என்று மரை விழுவதை உணர்ந்த பிறகு இறுக்கத் தொடங்கினால் தப்பே வராது.

9. விரலால் நின்ற பிறகு ஸ்பேனர். வாஷர் வைத்த புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. அதே பிளக்கைத் திரும்ப மாட்டும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். கூம்பு வகைக்குப் பதினாறில் ஒன்று. டார்க் ஸ்பேனர் இருந்தால் அலுமினியம் ஹெட்டில் 14 மி.மீ. வாஷர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் அதே பலத்துக்கு மரை அதிகம் இறுகி அறுந்துபோகும். தளர்வாக விட்டாலும் கெடுதிதான், பிளக்கின் சூடு இறங்க வழி இல்லாமல் முனை கொதிக்கும்.

10. புது வயரைப் பழைய வயரோடு வைத்து நீளம் பார்த்து மாட்டுங்கள். முனை ரப்பரின் உள்வாயில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் ஈரம் ஏறாது, அடுத்த முறை ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. ‘கிளிக்’ என்று உட்காரும் வரை அழுத்துங்கள். கிளிப்பில் மாட்டி, மானிஃபோல்டிலிருந்தும் ஃபேன் பெல்ட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். பிறகு அடுத்த சிலிண்டர்.

மரை ஏற்கெனவே அறுந்திருந்தால் பெரிய பிளக்கை அடித்து ஏற்றும் யோசனை வேண்டாம். ஹெட்டில் எஃகு மரை இன்சர்ட் போடும் லேத் பட்டறையில் கொடுத்தால் பழைய அளவே திரும்பக் கிடைக்கும்.

ஸ்டார்ட் செய்த பிறகு

இன்ஜின் நடுங்கினால் பெரும்பாலும் இரண்டு வயர் இடம் மாறியிருக்கும், அல்லது ஒன்று சரியாக உட்காரவில்லை. ஓடும்போதே வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். ஷாக் ஒருபுறம், பொறிக்கு வழி இல்லாமல் காயிலும் மாட்யூலும் எரியும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியை மிஸ் அடித்தபடியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையும் தீர்த்துவிடும்.

எல்லாம் சரியாக மாட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் டேங்கை முகர்ந்து பாருங்கள். ஆறேழு மாதம் நின்ற பெட்ரோல் வார்னிஷ் போல நாறும், அதில் புதுப் பிளக்கும் கருத்துப்போகும். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதையும் மழைக்காலத்தில் மறக்க வேண்டாம். பழையதை வடித்துவிட்டு புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றி, பிளக்கைத் துடைத்து மறுபடி முயலுங்கள்.

கழற்றியதில் நல்ல பிளக் ஒன்றையும் எல்லாவற்றிலும் நீளமான வயர் ஒன்றையும் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள், நீளமானது எந்த சிலிண்டருக்கும் எட்டும். வாங்கிய பிளக்கின் எண், இடைவெளி, மாட்டிய தேதி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள். அடுத்த படைப்புக்கு ஊர் வரும்போது கையேட்டைத் தேடி அலமாரியெல்லாம் புரட்ட வேண்டியிருக்காது.